கைப்பேசியில் பார்த்துவிட்டு ஒப்படையுங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி இணையதள வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, ஓசூர் என்று நம் இரண்டு மாவட்டங்களிலும் இருந்துகொண்டு பள்ளி, கல்லூரி, கூட்டுறவுச் சங்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், மாங்கூழ் ஆலை, மருத்துவமனை, கோயில் எல்லாவற்றுக்கும் இணையதளம் செய்து தருகிறவர்கள் நீங்கள். சிலர் வீட்டிலிருந்தே தனியாளாகச் செய்கிறீர்கள். சிலர் நான்கைந்து பேரோடு சின்ன அலுவலகம் வைத்திருக்கிறீர்கள். பகலில் பெங்களூருவில் வேலை பார்த்துவிட்டு, ஓசூர் திரும்பி இரவில் இந்த வேலையைச் செய்கிறவர்களும் உண்டு. உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் பாலக்கோடு பக்கம் ஒரு சின்ன ஆன்லைன் மையம் நடத்துகிறேன். பட்டா, சிட்டா, வில்லங்கம், சாதிச் சான்று, கல்லூரி விண்ணப்பம், தேர்வுக் கட்டணம், கூடவே ஜெராக்ஸ். பி.சி.ஏ. படித்தவள், கொஞ்ச காலம் உங்கள் தொழிலிலும் இருந்தேன். நீங்கள் செய்யும் பக்கங்களை இரண்டு திரைகளிலும் தினமும் பார்க்கிற இடம் என்னுடையது. வருகிறவர் கையில் ஆண்ட்ராய்டு கைப்பேசி, என் மேசையில் 1366-க்கு 768 பிக்சல் மானிட்டர். "அக்கா, இதுல பட்டனே வரமாட்டேங்குது, நீங்க பாருங்க" என்று கைப்பேசியை நீட்டுவார்கள். அதே பக்கத்தை என் கணினியில் திறந்தால் பட்டன் இருக்கும். அந்த ஒரு பட்டனுக்காக அவர் பஸ் ஏறி வந்திருப்பார், அன்றைய கூலியும் போயிருக்கும்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு தளத்தை முடித்துவிட்டதாகச் சொல்வதற்கு முன், அதைப் பயன்படுத்தப் போகிறவர் கையில் இருப்பது போன்ற ஒரு கைப்பேசியில், அவர் செய்ய வேண்டிய வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நீங்களே செய்து பாருங்கள். அப்புறம் அதே வேலையை என் கடையில் இருப்பது போன்ற ஒரு சாதாரண கணினியிலும் செய்யுங்கள். இரண்டிலும் முடிந்தால்தான் ஒப்படையுங்கள்.

இது எங்கே தவறிப்போகிறது என்று யோசித்தால், ஒப்புதல் வாங்கும் அறையில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தாளாளர் அறையிலோ செயலாளர் அறையிலோ பெரிய மானிட்டர் இருக்கும். நீங்கள் பக்கத்தைத் திறந்து காட்டுவீர்கள். மேலே கட்டடத்தின் படம் அகலமாக வரும், நான்கு படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும், பக்கவாட்டில் தலைவரின் செய்தி இருக்கும். பார்க்க நன்றாகவே இருக்கும். அவர் தலையாட்டுவார், மீதித் தொகை கைக்கு வரும். அந்த அறையில் இருந்த யாரும் அந்தத் தளத்தில் விண்ணப்பிக்கப் போவதில்லை. விண்ணப்பிக்கப் போகிற பெண் பென்னாகரம் பக்கம் ஒரு வீட்டில், அண்ணனின் கைப்பேசியைக் கேட்டு வாங்கி, அரை மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலையில் இருப்பாள். பணம் கொடுக்கிறவர் பார்க்கும் திரையும் பயன்படுத்துகிறவர் பார்க்கும் திரையும் வேறு வேறு என்பதை அந்த அறையில் எடுத்துச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் இந்தக் கடிதத்தைத் தாளாளர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

புதிய நுட்பம் எதையும் நான் கேட்கவில்லை. 2007-இல் ஐபோன் வந்தபோது இணையப் பக்கங்கள் ஏறக்குறைய எல்லாமே மேசைக் கணினிக்கு என்று செய்யப்பட்டவை. அதனால் ஆப்பிள் ஓர் ஏற்பாடு செய்தது. பக்கம் 980 பிக்சல் அகலம் இருப்பதாக வைத்துக்கொண்டு உலாவி அதை வரையும், பிறகு மொத்தத்தையும் சுருக்கி அந்தச் சின்னத் திரையில் காட்டும். பக்கத்தைச் செய்தவர் அந்தச் சுருக்கல் வேண்டாம், கருவியின் உண்மையான அகலத்தையே எடுத்துக்கொள் என்று சொல்வதற்காக வந்ததுதான் வியூபோர்ட் மெட்டா வரி. 2010-இல் ஈத்தன் மார்காட் என்ற வடிவமைப்பாளர் மூன்று பழைய கருவிகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டினார்: விழுக்காட்டில் அளந்த கட்டங்கள், பெட்டிக்குள் சுருங்கும் படங்கள், திரையின் அகலத்தைக் கேட்டறியும் மீடியா குவரி. ஒரே பக்கம் எல்லாத் திரைக்கும் பொருந்தலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பரவியது. மீடியா குவரியை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2012-இல் முறையான பரிந்துரையாகவே வெளியிட்டுவிட்டது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த வியூபோர்ட் வரி இல்லாத பக்கங்கள் என் கடைக்கு வருகின்றன. எப்போதோ வாங்கிய டெம்ப்ளேட்டை, அதாவது முன்பே செய்து வைத்த மாதிரி வடிவத்தை, அப்படியே நகல் எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியவை அவை.

வரி இருந்தும் கெடுக்கிற பக்கங்களும் உண்டு. அதே வரியில் பெரிதாக்கத் தடை போடும் 'யூசர் ஸ்கேலபிள் நோ' என்பதைச் சேர்த்துவிடுகிறீர்கள். விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் வடிவம் குலைந்துபோகும் என்ற பயத்தில் போடுவது அது. ஐபோன் 2016 முதலே அந்தத் தடையைப் பொருட்படுத்துவதில்லை. நம் ஊரில் கையில் இருப்பது பெரும்பாலும் ஆண்ட்ராய்டு, அதில் தடை வேலை செய்கிறது. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்த அறுபது வயதுக்காரர் இரண்டு விரலையும் வைத்து இழுத்து இழுத்துப் பார்க்கிறார், எழுத்து அசைவதில்லை. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். எழுத்தளவைப் பிக்சலில் கட்டிவைக்காமல் 'ரெம்' அளவில் கொடுங்கள். உலாவியில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவர்களுக்கு உங்கள் பக்கமும் அதோடு சேர்ந்து பெரிதாகட்டும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், புதிதாகத் தொழிலுக்கு வந்த தம்பி தங்கைகளிடம் இதைப் பார்க்கிறேன். கைப்பேசிப் பெட்டியில் 1080-க்கு 2400 என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, இது மடிக்கணினி அளவுக்கு அகலம்தானே என்று நினைத்துவிடுகிறார்கள். அது திரையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சி.எஸ்.எஸ். மொழியின் கணக்கில் அந்தக் கருவியின் அகலம் பெரும்பாலும் 360 பிக்சல், சிலவற்றில் 393 அல்லது 412. நீங்கள் வேலை செய்ய வேண்டிய இடம் அந்த 360-தான்.

சரி, எங்கே உடைகிறது என்று பார்ப்போம். நான் அதிகம் பார்ப்பது அட்டவணை. தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் விவசாயிகள் கூடு கொண்டுவருகிறார்கள், அதனால் பட்டுக்கூட்டின் விலையையே எடுத்துக்கொள்வோம். தேதி, ரகம், வரத்து, அதிகபட்சம், குறைந்தபட்சம், சராசரி, மொத்தத் தொகை என்று ஏழு பத்திகள் போட்டு ஒருவர் பக்கம் செய்கிறார் என்று வையுங்கள். 360 பிக்சலை ஏழாகப் பிரித்தால் ஒரு பத்திக்கு ஐம்பது சொச்சம்தான் தேறும். 'குறைந்தபட்சம்' என்ற தலைப்பு மட்டுமே சாதாரண எழுத்தளவில் நூறு பிக்சலைத் தாண்டும். அப்புறம் என்ன ஆகும்? அட்டவணை திரைக்கு வெளியே நீளும், முழுப் பக்கமும் அதோடு சேர்ந்து வலப்பக்கம் நகரும். விலையைப் பார்க்க நகர்த்தினால் தேதி மறைந்துவிடும். எந்தத் தேதியின் விலை என்று தெரியாமலேயே ஒருவர் கூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

இதற்கு இரண்டு வழி உண்டு, எது என்பது வேலையைப் பொறுத்தது. ஒருவர் தனக்கான ஒரே வரியைத் தேடி வருகிறார் என்றால், உதாரணமாக இன்றைய பட்டுக்கூட்டு விலை, தரவரிசைப் பட்டியலில் தன் பெயர், கைப்பேசியில் ஒவ்வொரு வரியையும் ஒரு தனிச் சீட்டாக மாற்றிவிடுங்கள். 'சராசரி' என்ற சொல் இடப்பக்கம், எண் வலப்பக்கம், அடுத்தது அதன் கீழ். பல வரிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றால், பஸ் நேரம், ஒரு வார விலைப் போக்கு போல, அட்டவணையை அட்டவணையாகவே விடுங்கள். ஆனால் அதைத் தனிப் பெட்டிக்குள் வைத்து அந்தப் பெட்டி மட்டும் பக்கவாட்டில் நகரும்படி செய்யுங்கள், முதல் பத்தி இடத்தைவிட்டு அசையாமல் ஒட்டி நிற்கட்டும். சீட்டாக மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. டிஸ்பிளே பண்பை மாற்றினால் அது அட்டவணை என்ற தகவல் திரைவாசிப்பானுக்குப் போகாமல் விடுபடலாம். பார்வையற்றவர், ஆண்ட்ராய்டில் திரையைப் படித்துக் காட்டும் டாக்பேக்கை வைத்துக் கேட்கும்போது வெறும் எண்கள் மட்டும் வரிசையாக ஒலிக்கும். டாக்பேக்கைப் போட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள், உடனே புரியும்.

அட்டவணையைவிட மோசமானது ஏ4 தாள். அறிவிப்பைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஸ்கேன் செய்து பி.டி.எஃப்.-ஆக ஏற்றிவிடுகிறார்கள். நீங்களும் அதற்கு 'இங்கே சொடுக்கவும்' என்று ஓர் இணைப்பைக் கொடுத்து முடித்துக்கொள்கிறீர்கள். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். கைப்பேசித் திரையின் அகலம் ஆறரை, ஏழு சென்டிமீட்டர். அப்படியானால் தாள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, 12 புள்ளி எழுத்து 4 புள்ளி ஆகிறது. மருந்துச் சீட்டின் பின்பக்கம்கூட அவ்வளவு பொடியாக இருக்காது. பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமுமாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஸ்கேன் செய்த படம் எந்த மீடியா குவரிக்கும் மடங்காது. கையெழுத்திட்ட பிரதி வேண்டும் என்றால் அது இருக்கட்டும். அதில் உள்ள கடைசித் தேதி, கட்டணம், தகுதி, கொண்டுவர வேண்டிய சான்றுகள் ஆகியவற்றைப் பக்கத்திலேயே எழுத்தாகவும் போடுங்கள். அலுவலகத்தில் தட்டச்சு செய்த கோப்பு வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றித்தான் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் கைப்பேசியில் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பைதான் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்டது. இதற்கு இனி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அடுத்து நம் எழுத்து. இதைப் பற்றி ஆங்கிலத்தில் கற்றுக்கொடுக்கும் வீடியோக்களில் ஒரு வார்த்தை இருக்காது, ஆனால் நம் வேலையில் பாதி இதுதான். டெம்ப்ளேட் செய்தவர் மெனுவில் நான்கு, ஐந்து எழுத்துச் சொற்களை மனத்தில் வைத்து இடம் விட்டிருப்பார். நாம் அங்கே 'பதிவிறக்கங்கள்', 'தொடர்புக்கு', 'மாணவர் சேர்க்கை', 'மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள்' என்று போடுகிறோம். என்னுடைய 1366 மானிட்டரில் அந்த மெனு இரண்டு வரியாக உடைந்து, கீழே இருக்கும் தலைப்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இது கைப்பேசிக் கோளாறு இல்லை, கணினியில் வருவது. மெனு எந்த அகலத்தில் மடங்க வேண்டும் என்பதைத் தமிழ்ச் சொற்களைப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 768, 992 என்று எங்கோ எழுதி வைத்த எண்களை வைத்து முடிவு செய்யக் கூடாது. உலாவியின் அகலத்தைக் கையால் மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எங்கே நெருக்குகிறதோ அங்கேதான் உங்கள் முறிவுப் புள்ளி, அதாவது வடிவம் மாற வேண்டிய அகலம்.

பட்டனுக்கு நிலையான உயரமும் நிலையான அகலமும் கொடுக்காதீர்கள். 'விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்' 36 பிக்சல் உயரப் பெட்டியில் இரண்டாம் வரிக்குப் போனால் அந்த வரி பாதி வெட்டுப்படும். குறைந்தபட்ச உயரமும் உள்ளே தாராளமாகப் பேடிங் என்ற ஓர இடைவெளியும் கொடுத்தால் போதும், பெட்டி தானே வளரும். வரி இடைவெளி 1.2 என்பது ஆங்கிலத்துக்குச் சரி. நமக்கு 'கீ', 'மீ' போன்றவற்றின் சுழி மேலே போகும், 'கூ', 'ழு' போன்றவை கீழே இறங்கும். 1.5-க்குக் குறையாமல் வையுங்கள், நீளமான உரைக்கு நான் 1.7 வரை வைப்பேன். நீளமான சொல் பெட்டியைத் தாண்டினால் உடைந்து அடுத்த வரிக்குப் போகும்படி 'ஓவர்ஃப்ளோ ராப்' கொடுங்கள், ஆனால் எல்லாச் சொல்லையும் கண்ட இடத்தில் உடைக்கும் 'பிரேக் ஆல்' வேண்டாம். இடம் போதாத இடத்தில் மூன்று புள்ளி வைத்து வெட்டுவதையும் விட்டுவிடுங்கள். ஒரு கல்லூரித் தளத்தில் 'முதலாம் ஆண்டு விண்ணப்ப…' என்று அடுத்தடுத்து இரண்டு இணைப்புகள் பார்த்தேன். ஒன்று விண்ணப்பப் படிவம், இன்னொன்று விண்ணப்பக் கட்டணம். கைப்பேசியில் இரண்டும் ஒன்றேபோல் தெரிகின்றன. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் சேர்த்துப் போடுகிறவர்களுக்கும் இவை எல்லாம் அப்படியே பொருந்தும்.

விரல் விஷயம் சுருக்கமாக. எலியின் (மவுஸின்) முனை ஒரு புள்ளியைத் தொடும், கட்டைவிரல் அப்படித் தொடாது. டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற அணுகல் நெறிகளின் 2023-ஆம் ஆண்டுப் பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்கச் சொல்கிறது. மேலான தரம் வேண்டுமென்றால் 44. நான் 44-ஐத்தான் கேட்பேன், மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரலுக்கு 24 போதாது. இணைப்புகளுக்கு நடுவே இடம் விடுங்கள். எலியைக் கொண்டுபோய் மேலே வைத்தால் விரியும் மெனு கைப்பேசியில் விரியாது, அல்லது விரிந்த வேகத்தில் வேறு பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். தொட்டால் திறக்கும்படி வைத்தால் இரண்டு திரைக்கும் அதுவே போதும்.

படிவம் என்று வந்தால்தான் ஜனங்கள் உண்மையில் அழுகிறார்கள், மிகைப்படுத்தவில்லை. ஆதார் எண் கேட்கும் பெட்டியில் எண் விசைப்பலகை வரவேண்டும். இன்புட் மோடு என்ற ஒரே ஒரு பண்பு அதைச் செய்யும். பெட்டியின் பெயரைப் பெட்டிக்குள்ளேயே மங்கலாகப் போட்டுவிட்டால், எழுதத் தொடங்கியதும் அது மறைந்துவிடுகிறது. பாதி நிரப்பியவர் இந்தப் பெட்டியில் அப்பா பெயரா, காப்பாளர் பெயரா என்று தெரியாமல் நிற்கிறார். பெயரைப் பெட்டிக்கு மேலே வையுங்கள், பெட்டிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் அந்தப் பெட்டியைத் தானாகவே பெரிதாக்கி, பக்கத்தை ஓரத்துக்குத் தள்ளிவிடும். இவை எல்லாவற்றையும்விடக் கொடுமை ஓ.டி.பி. நினைவகம் குறைந்த கைப்பேசியில், ஓ.டி.பி. பார்க்க மெசேஜுக்குப் போய்விட்டுத் திரும்பினால், பின்னால் இருந்த பக்கத்தை ஆண்ட்ராய்டு மூடிவிட்டிருக்கும். நிரப்பியதெல்லாம் போய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உங்கள் விலையுயர்ந்த கைப்பேசியில் இது நடக்காது, அதனால் உங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நிரப்பியதை அந்தக் கருவியிலேயே சேமித்து வைத்து, திரும்பி வந்ததும் அதே இடத்தில் காட்டுங்கள். பொதுக் கணினியில் திறந்திருந்தால் வேலை முடிந்ததும் அதை அழித்துவிடவும் வேண்டும்.

பக்கத்தின் மேல்பகுதியில் எது இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரி நிறைந்து வழிந்த தண்ணீர் சாலையோரம் நின்ற வண்டிகளை இழுத்துக்கொண்டு போனதை எல்லாரும் பார்த்தோம். அப்படிப்பட்ட நேரத்தில் யாரும் மேசைக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் இருக்காது, கைப்பேசியில் பத்து விழுக்காடு சார்ஜ் இருக்கும், சிக்னல் விட்டுவிட்டு வரும். அப்போது பள்ளி விடுமுறையா, எந்தப் பாலம் மூடியிருக்கிறது, யாரைக் கூப்பிடுவது என்பவை முதல் திரையிலேயே எழுத்தாக இருக்க வேண்டும். நகரும் படங்களுக்குக் கீழே மூன்று திரை தள்ளி இருந்தால் அது இல்லாததற்குச் சமம். 1077 என்ற மாவட்டப் பேரிடர் உதவி எண்ணைத் தொட்டால் அழைப்பு போக வேண்டும். கணினியில் பார்த்து ஒப்புதல் தருகிறவருக்கு அந்த எண் ஒரு படத்துக்குள் இருந்தாலும் வித்தியாசம் தெரியாது. ஒகேனக்கல் விடுதிகளுக்குத் தளம் செய்கிறவர்களும் இதைக் கவனியுங்கள். பரிசல் ஓடுகிறதா, காவிரியில் எத்தனை கனஅடி வருகிறது என்பதைத்தான் வண்டியிலிருந்தபடியே தேடுகிறார்கள்.

படங்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்காயிரம் பிக்சல் அகலத்தில் எடுத்த மாந்தோப்புப் படத்தை 360 பிக்சல் திரைக்கு முழுசாக அனுப்பாதீர்கள். ஒரே படத்தின் இரண்டு மூன்று அளவுகளைக் கொடுத்து, எது வேண்டும் என்பதை உலாவியே தேர்ந்தெடுக்கட்டும். கைப்பேசியில் வேண்டாம் என்று 'டிஸ்பிளே நன்' போட்டு மறைத்தாலும், படக் குறிச்சொல்லில் உள்ள படம் பெரும்பாலும் தரவிறங்கிவிடும். வத்தல்மலையிலும் அஞ்செட்டிப் பக்கமும் இருப்பவர்களின் டேட்டாவை அது வீணாக்குகிறது.

இவ்வளவு சொன்னதால் கணினியை மறந்துவிடுங்கள் என்று அர்த்தம் இல்லை. இப்போது நேர்மாறான கோளாறும் வரத் தொடங்கியிருக்கிறது, அதுவும் என் மேசையில்தான் வந்து விழுகிறது. கைப்பேசிக்குச் செய்த வடிவத்தை அப்படியே இழுத்துப் பெரிதாக்கிக் கணினிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மூன்று கோடு போட்ட மெனு 1920 பிக்சல் திரையின் ஒரு மூலையில் தனியாக நிற்கிறது. இடம் இவ்வளவு இருக்க மெனுவை ஏன் மறைக்க வேண்டும்? பத்தி திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே வரியாக ஓடுகிறது, வரி முடிந்து திரும்பினால் அடுத்த வரி எது என்று கண் தடுமாறுகிறது. உரைக்கு ஓர் உச்ச அகலம் வையுங்கள். படிவத்தில் ஒரு திரைக்கு ஒரு கேள்வி என்பது கைப்பேசியில் நிம்மதி. நாள் முழுக்க அதே படிவத்தை வேறு வேறு ஆட்களுக்கு நிரப்பிக் கொடுக்கிற எங்களுக்கு அது தண்டனை. நாங்கள் எலியைத் தொடாமல் டேப் விசையிலேயே போகிறவர்கள். பெட்டிகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே டேப்பும் போக வேண்டும். கட்டங்களாக அடுக்கித் தரும் கிரிடில் ஆர்டரை மாற்றி அழகாக அடுக்கிவிட்டு, பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்.டி.எம்.எல்.-இல் வரிசையைக் குழப்பி வைத்தால், முகவரி எழுதிக்கொண்டிருக்கும்போது கர்சர் வங்கிக் கணக்குக்குத் தாவுகிறது.

அச்சும் ஒரு திரைதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் முடிந்ததும் ஒப்புகைச் சீட்டை அச்செடுக்கிறோம். மெனு, பேனர், அடிக்குறிப்பு எல்லாம் சேர்ந்து மூன்று தாள் வருகிறது, விண்ணப்ப எண் இரண்டாம் தாளில் இருக்கிறது. அச்சுக்குத் தனி வடிவம் கொடுக்கலாம் என்பது 1998-இல் வந்த சி.எஸ்.எஸ். இரண்டாம் பதிப்பிலேயே இருக்கிறது. பத்து வரி எழுதினால் ஒரே தாளில் முடியும்.

எங்களைப் போன்ற கடைகளில் இன்னும் விண்டோஸ் 7 ஓடும் கணினிகள் இருக்கின்றன. அவற்றில் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, 2023 ஜனவரிக்குப் பிறகு மேலே போகாது. சி.எஸ்.எஸ்.-ஐ ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி எழுதும் நெஸ்டிங் 112-ஆம் பதிப்பில்தான் வந்தது. அதை நம்பி எழுதிய பக்கம் இந்தக் கணினிகளில் வடிவம் கலைந்து கிடக்கிறது. புதியதைப் பயன்படுத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாத இடத்தில் பக்கம் எளிமையாகத் தெரியட்டும், உடைந்துபோக வேண்டாம்.

கைப்பேசிக்கென்று வேறு முகவரியில் தனித் தளம் வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். ஒருவர் கைப்பேசியில் திறந்ததை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், நான் கணினியில் திறந்தால் அந்தக் குறுகிய பக்கமே வருகிறது. ஒன்றில் தேதியை மாற்றிவிட்டு இன்னொன்றில் மறந்துவிடுவார்கள். ஒரே முகவரி, ஒரே உள்ளடக்கம், வடிவம் மட்டும் மாறட்டும்.

இது எல்லாம் கூடுதல் வேலை, கிடைக்கிற காசுக்குக் கட்டாது என்று நீங்கள் சொல்வீர்கள். சின்னத் தளத்துக்கு நம் ஊரில் என்ன கொடுக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் வேலை கூடுவது பெரியதிலிருந்து சிறியதுக்கு வருவதால்தான். முதலில் ஒரே பத்தியாக, 360-க்கு எழுதுங்கள். எச்.டி.எம்.எல். தானாகவே அப்படித்தான் ஓடும், அதற்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். இடம் கிடைக்கக் கிடைக்க, குறைந்தபட்ச அகலத்தைக் குறிக்கும் 'மின் விட்த்' வைத்து இரண்டு பத்தி, மூன்று பத்தி என்று சேர்த்துக்கொண்டே போங்கள். கணினிக்கு எழுதிவிட்டு அதைக் கைப்பேசிக்காக ஒவ்வொன்றாக ரத்து செய்துகொண்டு வரும் பக்கத்தைவிட இது நீளம் குறைவாகவே இருக்கும். சீட்டுகளை அடுக்க கிரிடின் 'ஆட்டோ ஃபிட்', 'மின்மேக்ஸ்' இரண்டும் போதும், மீடியா குவரியே தேவைப்படாது.

தாளாளரிடம் பேச உங்களுக்கு வலுவான காரணங்களும் இருக்கின்றன. கூகுள் ஒரு தளத்தைப் படிப்பதே கைப்பேசி வடிவத்தை வைத்துத்தான். 2016-இல் அறிவித்து, 2023-இல் அந்த மாற்றத்தை முடித்துவிட்டது. கைப்பேசி வடிவத்திலிருந்து எடுத்துவிட்ட பகுதியைக் கூகுள் கணக்கில் எடுக்காது. வெளிநாட்டுக்கு மாங்கூழ் அனுப்பும் ஆலைக்காரரிடம் இதைச் சொன்னால் உடனே காதுகொடுப்பார். அரசு சார்ந்த அலுவலகம் என்றால் இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளின் மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்திருக்கிறது, அதைக் காட்டுங்கள். டபிள்யூ.சி.ஏ.ஜி. 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும் என்று 2018 முதல் சொல்கிறது. 1280 பிக்சல் கணினித் திரையை 400 விழுக்காடு பெரிதாக்கினால் வருவதும் அதே 320-தான். கைப்பேசிக்கு ஒழுங்காகச் செய்த பக்கம், கணினியில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் முதியவருக்கும் அப்படியே உதவுகிறது. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: 'ஒப்புதல் கைப்பேசியில் வழங்கப்படும்' என்று. தாளாளர் தன் கைப்பேசியிலேயே ஒரு விண்ணப்பத்தை முழுசாகப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடட்டும்.

குரோமில் உள்ள கைப்பேசி மாதிரித் திரையை நம்பி நிறுத்திவிடாதீர்கள். அதில் வெயில் அடிக்காது, விசைப்பலகை எழுந்து பாதித் திரையை மறைக்காது, நினைவகம் தீராது. என் கடையில் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் வைத்திருக்கிறேன், விண்டோஸ் 7 கணினியும் இருக்கிறது. ஒப்படைக்கும் முன் கொண்டுவந்து சோதிக்க விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம், காசு எதுவும் வேண்டாம். காலை பத்து மணிக்கு வந்தால் கூட்டம் இருக்கும். அவர்கள் சம்மதித்தால் உங்கள் பக்கத்தை அவர்கள் கையிலேயே கொடுத்து, பக்கத்தில் நின்று பேசாமல் பார்க்கலாம். மே மாதம் கல்லூரிச் சேர்க்கை ஆரம்பித்துவிட்டால் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, அதற்கு முன்னால் வாருங்கள்.

அன்புடன்,
பாலக்கோடு ஆன்லைன் மையத்து அக்கா